லெ ஜான்தி எழுதாமல் விட்ட வரி

மேட்டுப்பாளையம் என்றதும் பலருக்கு நீலகிரி மலை ரயில்தான் நினைவுக்கு வரும். நான் வசிப்பது புதுச்சேரியின் மேட்டுப்பாளையத்தில். இங்கே மலை இல்லை. தொழிற்பேட்டையும் கனரக வாகன முனையமும் இரவு பகலாக ஓடும் லாரிகளும் உண்டு. என் வாழ்நாளின் முதல் சம்பாத்தியமே இந்தப் பகுதிச் சாலையில் வண்டிகளை எண்ணிப் பெற்றதுதான்.

கல்லூரியில் கணிதம் படித்துக்கொண்டிருந்த காலம். போக்குவரத்துக் கணக்கெடுப்பு ஒன்றுக்குத் தற்காலிகமாக ஆள் எடுத்தார்கள். வேலை எளிது. சாலையோர மரத்தடியில் அமர வேண்டும். கையில் கட்டம் போட்ட தாள்; கால் மணி நேரத்துக்கு ஒரு கட்டம். லாரி, பேருந்து, மாட்டுவண்டி, மிதிவண்டி எனத் தனித்தனி வரிசைகள். ஒரு வண்டி கடந்தால் ஒரு கோடு. நான்கு கோடுகள் நின்ற பிறகு ஐந்தாவதை அவற்றின் குறுக்கே சாய்வாக இழுக்க வேண்டும். மாலையில் அந்தக் கட்டுகளை ஐந்து, பத்து, பதினைந்து என்று எண்ணி, கூட்டி, நிகழ்வெண் அட்டவணையாக எழுதிக் கொடுத்தால் அன்றைய வேலை முடிந்தது.

ஒரு நாள் பிற்பகல் இரண்டேகால் மணிக்குப் பெருமழை பிடித்துக்கொண்டது. தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு தேநீர்க் கடைக்குள் ஒதுங்கினேன். மூன்று மணிக்கு மழை ஓய்ந்தபோது மூன்று கட்டங்கள் வெறுமையாக இருந்தன. மேற்பார்வையாளர் வரும் நேரம். முந்தைய கட்டங்களைப் பார்த்து, அவற்றைப் போலவே கோடுகளை இழுத்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை. கூலி முழுதாகவே கிடைத்தது.

பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் கணிதம் கற்பித்தேன். நேர்க்கோட்டுக் குறிகள் பாடம் வரும்போதெல்லாம் அந்த மூன்று கட்டங்கள் நினைவுக்கு வரும். மாணவர்களிடம் சொன்னதில்லை. ஆனால் அந்தப் பாடத்தின்போது பாடநூலில் இல்லாத ஒருவருடைய கதையை ஒவ்வோர் ஆண்டும் சொன்னேன். இந்த ஊருக்கு வந்து, இந்த ஊரின் வானத்தால் ஏமாற்றப்பட்டு, அந்த ஏமாற்றத்தை ஏமாற்றமாகவே எழுதிவைத்துவிட்டுப் போன பிரெஞ்சுக்காரர் அவர். முழுப் பெயர் நீளமானது. கியோம் லெ ஜான்தி என்று சுருக்கிச் சொல்லலாம்.

1725 செப்டம்பர் 12 அன்று நார்மண்டியின் கூத்தான்ஸ் நகரில் பிறந்தவர். பாதிரியாராவதற்காகப் பாரிஸுக்கு இறையியல் படிக்கப் போனவர், அங்கே வானியல் விரிவுரைகளைக் கேட்கத் தொடங்கி, படிப்பை மாற்றிக்கொண்டார். பாரிஸ் வான்காணகத்தில் பயிற்சி பெற்றார். 1753-ல் அறிவியல் அகாடமியில் இடம் கிடைத்தது. ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலத்தின் துணை மண்டலம் ஒன்றை 1749-லேயே கண்டறிந்தவர் அவர்தான். அத்துடன் நின்றிருந்தால் வானியல் வரலாற்றில் ஓர் அடிக்குறிப்பாகவும் நிம்மதியான மனிதராகவும் இருந்திருப்பார்.

அவரைக் கடலுக்கு அனுப்பியது வெள்ளிக் கோள். பூமியிலிருந்து பார்க்கும்போது வெள்ளி, சூரிய வட்டத்தின் குறுக்கே ஒரு சிறு கரும்புள்ளியாக நகர்ந்து போவது மிக அரிது. எட்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை நிகழும்; பின்னர் நூறு ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டும். பூமியின் வெவ்வேறு மூலைகளிலிருந்து இந்தக் கடப்பின் நேரத்தை விநாடி சுத்தமாகக் குறித்தால், அந்த நேர வேறுபாடுகளைக் கொண்டு பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான தொலைவைக் கணக்கிடலாம் என்று எட்மண்ட் ஹாலி 1716-ல் வழிகாட்டியிருந்தார். அவர் உயிரோடு இருக்கும்போது அது நிகழாது என்பதும் அவருக்குத் தெரியும். அடுத்த கடப்புகள் 1761 ஜூன் 6, 1769 ஜூன் மாதத் தொடக்கம் என்று கணக்கு சொன்னது. ஐரோப்பிய அரசுகள் போர்களுக்கு நடுவிலும் வானியலாளர்களைத் திசைக்கு ஒருவராக அனுப்பின. லெ ஜான்திக்கு ஒதுக்கப்பட்ட இடம் புதுச்சேரி.

1760 மார்ச்சில் கப்பலேறி, ஜூலையில் இன்றைய மொரீஷியஸான ஈல் த பிரான்ஸ் தீவை அடைந்தார். அதற்கு மேல் நகர முடியவில்லை. ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்தனர். மாதங்கள் கழிந்து 1761 மார்ச்சில் சோழமண்டலக் கரைக்குப் புறப்பட்ட பிரெஞ்சுக் கப்பலொன்றில் இடம் பிடித்தார். பருவக்காற்று எதிர்த்தது. கப்பல் திசைமாறி அலைந்து, மே இறுதியில் மலபார் கரையில் மாஹேயை நெருங்கியபோதுதான் செய்தி கிடைத்தது: மாஹேயும் போயிற்று, புதுச்சேரியும் போயிற்று. புதுச்சேரி அந்த ஜனவரி 16 அன்றே சரணடைந்திருந்தது. அந்நகரின் கால் நூற்றாண்டு வரலாற்றை நாட்குறிப்பாக எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளை அதற்கு நான்கு நாள் முன்புதான் காலமாகியிருந்தார். நகரின் பெரும் பதிவாளர் ஒருவர் மறைந்த அதே மாதத்தில் இன்னொருவர் அந்நகரை நோக்கிய பயணத்துக்காகத் தீவில் காத்திருந்தார் என்பது வெறும் தற்செயல். ஆனால் எனக்குப் பிடித்த தற்செயல்.

கப்பல் திரும்பியது. ஜூன் 6 அன்று லெ ஜான்தி நடுக்கடலில் இருந்தார். வானம் துல்லியமாக இருந்தது. வெள்ளி சூரியன் மீது நகர்வதைக் கண்ணாரக் கண்டார், நேரங்களையும் குறித்துக்கொண்டார். ஆனால் ஆடும் கப்பலில் ஊசல் கடிகாரம் ஓடாது. கப்பல் எந்தத் தீர்க்கரேகையில் நிற்கிறது என்பதும் உறுதியாகத் தெரியாது. எங்கிருந்து, எந்த நேரத்தில் என்ற இரண்டும் இல்லாத அளவீடு கணக்குக்கு உதவாது. அவர் அதைப் பிறருடைய துல்லியமான அளவீடுகளுக்குச் சமமானதென்று காட்ட முயலவில்லை. பயன்படாதது என்றே பதிவு செய்தார். என் மாணவர்களிடம் நான் முதலில் நிறுத்திச் சொல்லும் இடம் இது. கண்ணால் கண்டதெல்லாம் தரவு ஆகிவிடாது.

ஊருக்குத் திரும்பியிருக்கலாம். எட்டு ஆண்டுகளில் அடுத்த கடப்பு வரும் என்பதால் இந்தியப் பெருங்கடலிலேயே தங்கிவிட முடிவு செய்தார். இந்த முடிவை மன உறுதி என்பதா, பிடிவாதம் என்பதா என்று எனக்கு இன்றும் தெளிவில்லை. அந்த ஆண்டுகளை அவர் வீணாக்கவில்லை. மடகாஸ்கரின் கிழக்குக் கரையை வரைபடமாக்கினார். காற்று எந்த மாதத்தில் எந்தத் திசையிலிருந்து வீசுகிறது, பருவக்காற்று எப்போது மாறுகிறது, அலை ஏற்றவற்றம் எப்படி நடக்கிறது என்பதையெல்லாம் குறித்தார். ஒரு நாள் காற்று தென்மேற்கிலிருந்து வீசியது என்பது வெறும் செய்தி. ஆண்டு தோறும் அதே மாதத்தில் எத்தனை நாள் அப்படி வீசியது என்று எண்ணி அடுக்கினால்தான் அது மாலுமிக்குப் பயன்படும் அறிவாகிறது.

1769 கடப்பைக் காண எந்த இடம் சிறந்தது என்றும் கணக்கிட்டார். மணிலா அல்லது மரியானா தீவுகள் என்று விடை வந்தது. அங்கே கடப்பு முடியும் நேரத்தில் சூரியன் நன்கு மேலேறியிருக்கும். 1766 ஆகஸ்ட்டில் மணிலாவை அடைந்தார். ஸ்பானிய ஆளுநரோ அவருடைய பரிந்துரைக் கடிதங்கள் போலியானவையோ என்று சந்தேகித்தார். பாரிஸிலிருந்து வந்த ஆலோசனையும் மணிலா வேண்டாம், புதுச்சேரியே நல்லது என்றது. 1763 உடன்படிக்கையால் புதுச்சேரி மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்திருந்தது. அவர் தம் கணக்கைவிட மேலிடத்தின் யோசனைக்கு இணங்கினார். அரசுப் பணியில் இருந்தவர்கள் யாரும் இதைப் படித்துச் சிரிக்க மாட்டார்கள்.

1768 மார்ச் 27 அன்று லெ ஜான்தி புதுச்சேரியில் இறங்கினார். ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கியிருந்த நகரம் மெல்ல எழுந்துகொண்டிருந்தது. ஆளுநர் ழான் லா அவரை அன்புடன் வரவேற்று, பழைய கோட்டையின் இடிபாடுகள் மேலேயே வான்காணகம் கட்டிக் கொடுத்தார். அதன் அடியில் இருந்த நிலவறையில் வெடிமருந்து சேமித்து வைக்கப்பட்டிருந்தது. மேலே தொலைநோக்கி, கீழே வெடிமருந்து. அதுவரை பகைவராயிருந்த சென்னை ஆங்கிலேயர் நல்லதொரு தொலைநோக்கியை இரவல் கொடுத்தனர். நகரின் தீர்க்கரேகையைக் கணக்கிடும் வேலையில் மாதக்கணக்காக ஈடுபட்டார். 1761-ல் செய்ய முடியாமல்போன அதே வேலை இது. இந்தமுறை இடத்தில் ஐயம் இருக்கக் கூடாது என்பதில் கவனமாக இருந்தார்.

இந்த ஓராண்டுக்குள்தான் அவருக்குத் தமிழ்க் கணிதர்களின் அறிமுகம் கிடைத்தது. எனக்கு அவருடைய வாழ்வில் மிகவும் பிடித்த பகுதி இதுவே. ஐரோப்பிய வானியலாளர் தாளும் மைக்கோலும் மடக்கை அட்டவணையும் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் செய்யும் கிரகணக் கணக்கை, இங்கிருந்தவர்கள் தரையில் சோழிகளைப் பரப்பிச் செய்தார்கள். விதிகளும் மாறிலிகளும் மனப்பாடமான வாக்கியங்களில் இருந்தன. அவற்றை முணுமுணுத்தபடியே சோழிகளை நகர்த்தினார்கள். ஓர் இடத்தில் சேர்ந்த சோழிகள் ஒன்றின் மதிப்பு, அடுத்த இடத்தில் வேறு மதிப்பு. தாளில் எழுதும் கோடுகளுக்குப் பதிலாகக் கையால் எடுத்துவைக்கக்கூடிய குறிகள் என்று இதைச் சொல்லலாம். கூட்டவும் கழிக்கவும் அழிப்பான் தேவையில்லை. கணக்கு முடிந்ததும் சோழிகளை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டால் தரை வெறுந்தரை. நம்முடைய மரபின் திறமையும் குறையும் இரண்டும் அதில் இருக்கின்றன: விடை மிஞ்சும், செய்த வழி மிஞ்சாது.

லெ ஜான்தி அந்த வழியை எழுதிவைத்தார். முறையைக் கற்றுக்கொண்டு சோதித்தும் பார்த்தார். 1765 ஆகஸ்ட் 30 அன்று நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவு, தமிழ்க் கணிதர் முறைப்படி கணித்தபோது உண்மையைவிட 41 விநாடி குறைவாக வந்தது. ஐரோப்பாவில் அன்று பெரிதும் மதிக்கப்பட்ட டோபியாஸ் மேயரின் அட்டவணைப்படி 68 விநாடி அதிகமாக வந்தது. தம் நாட்டு அறிஞர்கள் முகம் சுளிக்கக்கூடிய இந்த ஒப்பீட்டை அவர் மறைக்கவில்லை. தமிழ்க் கணிதர்களைப் பற்றி உயர்வும் தாழ்வுமாகப் பலவற்றை எழுதியவர்தான். இக்காலத்துக் கண்ணுக்கு அவற்றில் சில உறுத்தும். ஆனால் 41 என்று வந்த இடத்தில் 41 என்றே எழுதினார். அரை நூற்றாண்டு கழித்துச் சென்னை வான்காணகத்தைக் கவனித்துவந்த ஜான் வாரன் இதே புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக் கணிதர் சோழிகளால் கிரகணம் கணிப்பதைக் கண்டு, 1825-ல் வெளியான தம் காலசங்கலித நூலில் பதிவு செய்தார். தரையில் அழிந்துபோயிருக்க வேண்டிய கணக்கு இந்த இருவரால் காகிதத்துக்கு வந்தது.

வானத்துக்கு வருவோம். 1769-ன் கடப்பு புதுச்சேரியில் நள்ளிரவுக்குப் பின் தொடங்கி, சூரியன் உதித்த பின் ஏறத்தாழ ஏழு மணிக்கு முடிய வேண்டும். ஆகவே தேவைப்பட்டது முழு நாள் அல்ல; உதயத்திலிருந்து ஒன்றேகால் மணி நேரம் போதும். அந்த நேரத்துக் கிழக்கு வானம் எப்படி இருக்கிறது என்பதை லெ ஜான்தி கவனித்துவந்தார். மே மாதம் முழுவதும், ஜூன் 3 வரையில், காலை நேரங்கள் அழகாகத் தெளிந்திருந்தன என்று அவருடைய பயண நூல் சொல்கிறது. இதை என் மாணவர்களுக்குக் கரும்பலகையில் அட்டவணையாகப் போடுவேன். தெளிவு, அரைமேகம், மூடல் என மூன்று வரிசை. அவர் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டால் மே மாதத்தின் 31 காலைகளும் ஜூனின் மூன்று காலைகளும் முதல் வரிசையிலேயே விழும். ஆறு முழுக் கட்டுகளும் நான்கு தனிக் கோடுகளும். மற்ற இரண்டு வரிசைகளிலும் ஒரு கோடுகூட இல்லை. இப்போது 35-வது காலை எப்படி இருக்கும் என்று கேட்பேன். வகுப்பே ஒரே குரலில் தெளிவாக இருக்கும் என்று சொல்லும். வேறு என்ன சொல்ல முடியும்? அந்த அட்டவணையைப் பார்த்த எவரும் அதைத்தான் சொல்லியிருப்பார். லெ ஜான்தியும் அதையே நம்பினார். அந்த நம்பிக்கையில் தவறு ஏதும் இல்லை.

ஜூன் 4, ஞாயிற்றுக்கிழமை. அதிகாலை இரண்டு மணிக்கு விழித்தார். தென்கிழக்கிலிருந்து கடலின் இரைச்சல் கேட்டது. நல்ல காற்றுக்கு அறிகுறி என்று மகிழ்ந்து எழுந்து பார்த்தால் வானம் எங்கும் மூடிக் கிடந்தது. காற்று நின்றுபோனது. விடியும் நேரத்தில் ஒரு வேகக் காற்று எழுந்து மேகத்தைக் கலைக்கும் போலத் தோன்றி, கலைக்காமலே போயிற்று. சூரியன் உதித்தது தெரியவில்லை. வெள்ளி சூரிய விளிம்பை விட்டு வெளியேறியதும் தெரியவில்லை. ஏழு மணியைச் சற்றுக் கடந்தபோது திரை விலகியதுபோல் வெயில் அடிக்கத் தொடங்கியது. அன்று பகல் முழுவதும் நல்ல வெயில்.

மணிலாவில் அன்று வானம் தெளிவாக இருந்தது. அங்கே அவரிடம் பழகியிருந்த ஒருவர் கடப்பைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். இந்தச் செய்தி பின்னர் லெ ஜான்திக்கு வந்து சேர்ந்தது.

மைக்கோலைக் கையில் எடுப்பதற்கே அவருக்கு இரண்டு வாரம் ஆயிற்று. ஒன்பது ஆண்டுக் காத்திருப்பு ஒன்றேகால் மணி நேர மேகத்தில் கரைந்துவிட்டது. கடப்பு எந்த நொடியில் முடிய வேண்டும் என்பதை அவர் முன்கூட்டியே கணித்துவைத்திருந்தார். பாரிஸ் எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. வானம் ஒரு நிமிடம் விலகியது, நான் பார்த்தேன் என்று எழுதி, கணித்த எண்ணுக்கு ஓரிரு விநாடி முன்பின்னாக ஒன்றைப் போட்டிருந்தால் யார் மறுத்திருக்க முடியும்? ஏன், பிற நாட்டவரின் முடிவுகளோடு அது பொருந்தியும் போயிருக்கும். அவர் செய்யவில்லை. அந்த நாளுக்கு அவர் எழுதியது மேகத்தின் கதை மட்டுமே. எண் இருக்க வேண்டிய இடத்தில் எண் இல்லை.

இது எளிதில் செய்யக்கூடியதல்ல என்பதற்கு அதே கடப்பிலிருந்து இன்னொரு கதை உண்டு. ஆஸ்திரியப் பாதிரியார் மாக்ஸிமிலியன் ஹெல், நார்வேயின் வட மூலையில் உள்ள வார்டோ தீவிலிருந்து 1769 கடப்பைப் பார்த்தார். முடிவுகளை வெளியிட அவர் காலம் தாழ்த்தியதால் சந்தேகம் கிளம்பியது. அவர் இறந்து பல்லாண்டுகள் கழித்து, 1835-ல், வியன்னா வான்காணகத்தின் கார்ல் லிட்ரோ அவருடைய கையெழுத்துக் குறிப்பேட்டை ஆராய்ந்து, எண்கள் வேறு நிற மையால் பின்னாளில் திருத்தப்பட்டவை என்று குற்றம் சாட்டினார். ஹெல்லின் பெயர் அரை நூற்றாண்டுக் காலம் மோசடிக்கு எடுத்துக்காட்டாயிற்று. 1883-ல் அமெரிக்க வானியலாளர் சைமன் நியூகோம் அதே ஏட்டைத் தம் கண்ணால் பார்த்தார். திருத்தங்கள் பெரும்பாலும் எழுதிய கையோடு, மை உலருமுன் செய்யப்பட்டவை என்று கண்டார். லிட்ரோவுக்கு நிறங்களைப் பிரித்தறிவதில் குறை இருந்தது என்பதும் தெரியவந்தது. ஹெல் மீட்கப்பட்டார். அவரை மீட்டது அவர் திருத்திய எண்களைச் சுரண்டி அழிக்காமல் விட்டிருந்ததுதான். பிழையை அழிக்காதே, ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுது என்று பள்ளியில் ஏன் வற்புறுத்துகிறோம் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியாது.

அட்டவணையில் சுழியமும் வெற்றிடமும் ஒன்றல்ல. மழைமானியைப் பார்த்து, மழை இல்லை என்று கண்டவர் எழுதுவது 0. மானியைப் பார்க்கவே போகாதவர் விட வேண்டியது வெற்றிடம். முன்னது ஓர் அளவீடு. பின்னது அளவீடு இல்லை என்பதற்கான சாட்சி. கூட்டும்போது இரண்டும் ஒரே விடையைத் தரும். சராசரி எடுக்கும்போது தராது. ஏழு நாளில் இரண்டு நாள் பார்க்காமல் விட்டவர் ஐந்தால் வகுக்க வேண்டும். வெற்றிடத்தில் 0 எழுதியவர் ஏழால் வகுப்பார். நோய்ப் பதிவேட்டிலும் வருகைப் பதிவேட்டிலும் கிணற்று நீர்மட்டக் குறிப்பிலும் இந்த வேறுபாடு தொலையும்போது, இல்லாத நலமும் இல்லாத வறட்சியும் தாளில் தோன்றிவிடுகின்றன. வெற்றிடத்தைக் கற்பனையால் நிரப்புவது இன்னும் மோசம். கற்பனை எண்கள் எப்போதும் ஒழுங்காக இருக்கும். உண்மையான சாலையில் ஒரு கால் மணியில் இரண்டு லாரி வரும், அடுத்ததில் பதினொன்று வரும். நான் நிரப்பிய மூன்று கட்டங்களிலும் லாரிகள் மிகவும் மரியாதையாக, ஒரே அளவில் வந்துபோயின. கொட்டும் மழையிலும் மிதிவண்டிகள் குறையவில்லை. அனுபவமுள்ள ஒருவர் ஒரு நொடி உற்றுப் பார்த்திருந்தால் பிடித்திருப்பார்.

லெ ஜான்தியின் துன்பம் ஜூன் 4-உடன் முடியவில்லை. காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் அவரைப் படுக்கையில் தள்ளின. 1770 மார்ச்சில் புதுச்சேரியை விட்டுப் புறப்பட்டார். மொரீஷியஸிலிருந்து கிளம்பிய கப்பல் புயலில் சிக்கிச் சேதமடைந்து அங்கேயே திரும்பியது. இறுதியில் ஸ்பானியக் கப்பலொன்றில் காதிஸ் துறைமுகம் போய்ச் சேர்ந்து, தரை வழியாகப் பிரனீஸ் மலையைக் கடந்து 1771 அக்டோபரில் பிரெஞ்சு மண்ணை மிதித்தார். பதினொன்றரை ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் அனுப்பிய கடிதங்கள் பல போய்ச் சேரவில்லை. அவர் இறந்துவிட்டதாகவே ஊரில் பேச்சு. வாரிசுகள் சொத்தைப் பங்கு போட முனைந்திருந்தார்கள். அகாடமியில் அவருடைய இடம் இன்னொருவருக்குப் போயிருந்தது. சொத்தைக் கவனிக்க அவர் நியமித்திருந்தவர், பணம் திருட்டுப் போய்விட்டது என்று கைவிரித்தார். வழக்குத் தொடுத்தார், தோற்றார், செலவுத் தொகையையும் தாமே கட்டினார். உயிரோடு இருப்பவரை இறந்தவர் வரிசையில் எழுதிவைத்த பதிவேட்டைத் திருத்துவதற்கு, வெள்ளிக்குக் காத்திருந்ததைப் போலவே அவர் பொறுமையாகப் போராட வேண்டியிருந்தது.

பிறகு வாழ்க்கை மெல்லச் சீரானது. அகாடமி அவரை மீண்டும் சேர்த்துக்கொண்டது. திருமணம் செய்துகொண்டார், ஒரு மகள் பிறந்தாள். பாரிஸ் வான்காணகத்திலேயே குடியிருந்து, தம் பயணத்தை இரண்டு பெரும் தொகுதிகளாக எழுதி 1779-லும் 1781-லும் வெளியிட்டார். தமிழ்க் கணிதர்களின் சோழிக் கணக்கு, பருவக்காற்றுகள், அரிக்கமேட்டுப் பகுதியில் அவர் கண்ட பழைய கட்டடச் சிதைவுகள் எல்லாம் அதில் உண்டு. அரிக்கமேட்டின் இடிபாடுகளை எழுத்தில் குறித்த முதல் ஐரோப்பியர் அவர்தான் என்பார்கள். மார்ட்டிமர் வீலர் அங்கே மண்வெட்டியுடன் வந்தது 1945-ல். 1792 அக்டோபர் 22 அன்று, புரட்சியின் புயல் பாரிஸில் சுழன்றுகொண்டிருந்தபோது, 67-வது வயதில் லெ ஜான்தி இறந்தார்.

அவருடைய அளவீடு இல்லாமலேயே கணக்கு முடிந்தது. உலகின் பல மூலைகளிலிருந்து வந்த 1769-ன் குறிப்புகளைத் தொகுத்து ஆக்ஸ்போர்டின் தாமஸ் ஹார்ன்ஸ்பி 1771-ல் சொன்ன தொலைவு, கிலோமீட்டரில் ஏறத்தாழ 15.08 கோடி. இன்று நாம் அறிந்தது 14.96 கோடி. நூற்றுக்கு ஒன்று என்ற அளவுகூட வேறுபாடு இல்லை. புதுச்சேரியிலிருந்து ஒரு பொய் எண் போயிருந்தால் அது எந்தப் பக்கம் இழுத்திருக்கும் என்று நான் சில வேளை நினைப்பதுண்டு.

2012 ஜூன் 6 காலையில் வெள்ளி மீண்டும் சூரியனைக் கடந்தது. 1769-ஐப் போலவே புதுச்சேரியில் சூரியன் உதிக்கும்போதே கடப்பு நடந்துகொண்டிருந்தது. பத்தேகால் மணிக்குப் பிறகுதான் முடிந்தது. அடுத்தது 2117 டிசம்பரில். அதைப் பார்க்கப்போகிறவர்களில் பெரும்பாலோர் இன்னும் பிறக்கவில்லை.

நான் ஓய்வு பெற்ற பிறகு, மழையில் நனைந்த என் கணக்கெடுப்புத் தாளைத் தேடலாமா என்று ஒருமுறை தோன்றியது. எங்கே போய்க் கேட்பது? அது எப்போதோ ஒரு கூட்டுத்தொகையாக மாறி, அந்தக் கூட்டுத்தொகை ஓர் அறிக்கையாக மாறி, அறிக்கைப்படி எங்கோ ஒரு சாலை அகலப்பட்டிருக்கக்கூடும், அகலப்படாமலும் போயிருக்கலாம். இப்போது காலையில் நடக்கப் போகும்போது முனையத்துக்குள் திரும்பும் லாரிகளை மனத்துக்குள் ஐந்தைந்தாக எண்ணிக்கொண்டு போகிறேன். பேச்சுத் துணை கிடைத்துக் கவனம் சிதறினால், அன்றைய எண்ணிக்கையை அங்கேயே விட்டுவிடுகிறேன்.